பின்னுக்கு நிற்கிற அண்ணை

முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கதைத்துக்கொண்டிருப்பார். அவர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஏனென்றால் நீங்கள் பார்த்தது அவருடைய இடது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த முகத்தை. அண்ணை அங்கேயும் வந்துவிட்டார்.

அமைச்சர் வீதி திறந்தாலும் அண்ணை, வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டம் விட்டாலும் அண்ணை. 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்தேவி இருபத்துச் சொச்சம் வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்தபோது ஸ்ரேசனில் நின்றார். 2019 ஒக்ரோபரில் பலாலிக்குச் சென்னையிலிருந்து பிளேன் வந்த செய்தியிலும் ஓர் ஓரத்தில் அந்தத் தலை தெரிந்ததாகச் சொல்கிறார்கள். அவர் ரயிலால் இறங்கவும் இல்லை, பிளேனில் ஏறவும் இல்லை.

சினிமாவில் இந்த வேலைக்குக் காசு உண்டு. துணை நடிகர் என்று கௌரவமான பெயரும் உண்டு. கோடம்பாக்கத்தில் ஏஜென்ற் பிடித்து, காலை தொடங்கி வெயிலில் காத்திருந்து செய்கிற தொழில் அது. அவர்களுக்கு முதலில் சொல்வது கமராவைப் பார்க்காதே என்பதுதான். சந்தைக் காட்சி என்றால் கத்தரிக்காயைப் பார்க்க வேண்டும், பேரம் பேசுவதுபோல வாய் அசைய வேண்டும், சத்தம் வரக்கூடாது. அண்ணை கத்தரிக்காயைத் திரும்பியும் பார்க்கமாட்டார். சத்தமோ நாலு வீதிக்கும் கேட்கும்.

தொழில் அனுபவம் இருப்பதாக வேறு சொல்லிக்கொள்வார். தர்மசேன பத்திராஜா 1977இல் ‘பொன்மணி’ படத்தை யாழ்ப்பாணத்தில் எடுத்தாரல்லவா, அதில் அண்ணையும் வருகிறாராம். அப்போது பள்ளிக்கூடப் பெடியன். “எந்த இடத்திலை அண்ணை?” என்று கேட்டுவிட்டு ஒருநாள் கூடவே இருந்து படத்தைப் பார்த்தேன். முடிந்ததும், “கண்ணை வெட்டினா காணமாட்டாய்” என்றார்.

அண்ணையின் முழுத் திறமையையும் பார்க்க நல்லூர்த் தேருக்கு வரவேண்டும். இருபத்தைந்து நாள் திருவிழாவில் இருபத்துநாலாம் நாள். விடிய ஏழு மணிபோலத் தேர் அசையும்போது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை. சனம் சாப்பிட்டுவிட்டு யூரியூப் நேரலையைப் போட்டுக்கொண்டு இருக்கும். அண்ணை காதில் போனோடு கமராவுக்கு நேரே நிற்பார்.

“ஓம் தம்பி, இப்ப தெரியுறனோ?”

“எங்கை நிக்கிறியள் சித்தப்பா?”

“வேட்டியோடை நிக்கிறன், பார்.”

நல்லூர் வீதியில், தேரன்று, வேட்டியோடு நிற்கிறேன் என்று அடையாளம் சொல்கிற மனிதரை என்ன செய்வது? உள்ளே சேட்டோடு போக முடியாது என்பதால் வீதியிலும் பெரும்பாலான ஆம்பிளைகள் வெறும் மேலோடுதான். விபூதி, வேட்டி, வழுக்கை. ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளைக்கு ஆயிரம் சித்தப்பாமார் தெரிகிறார்கள்.

அடுத்த வருசம் அண்ணை சிவப்புக் குடையோடு வந்தார். மழையும் இல்லை, அந்த நேரத்தில் வெயிலும் இல்லை. எதிரில் நின்ற எனக்குத் தேரின் கீழ்ப்பாதி குடைக்குள் போய்விட்டது.

“குடையைத் தூக்கிறன், கெதியாப் பார்!”

“குடையைக் காணேல்லையே.”

கை உளைந்து குடையை மடக்குகிறார். நேரலை அங்கே போய்ச் சேர ஏறக்குறைய அரை நிமிசம் பிந்தும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“ஆ, இப்ப தூக்கிறியள் சித்தப்பா!”

“இப்ப நான் தூக்கேல்லையடா!”

“தூக்கிறியள், வடிவாத் தெரியுது.”

“உனக்கென்ன விசரோ? குடை என்ரை கக்கத்துக்கை கிடக்கு!”

திரும்பவும் விரிப்பார். அதற்குள் அங்கே மடக்கிய காட்சி வந்திருக்கும். இந்தச் சண்டை முடிந்து, லண்டன் மருமகளுக்கு எடுப்பார். அங்கே விடியப்புறம் இரண்டரை மணி. அவளை எழுப்பி, அவள் கணவனையும் எழுப்பி, திரும்பக் குடை. இவ்வளவு நேரமும் அரோகரா என்று ஊர் முழுக்கக் கை கூப்பி நிற்க, ஆறுமுகசாமி அண்ணையைக் கடந்து போனார். அண்ணை கமராவைப் பார்த்தபடி நின்றதால் சுவாமிக்குக் கிடைத்தது அவருடைய முதுகுத் தரிசனம்.

செத்தவீட்டு நேரலையில் அவர் நிற்பதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். விசா கிடைக்காமல் தாயின் முகத்தைப் போனிலே பார்த்து அழுகிற பிள்ளைக்குத் தலைமாட்டில் தெரிந்த ஒரு முகம் நிற்பது ஓர் ஆறுதல்தான்.

ஆனால் அண்ணை காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கிற பந்தலுக்கும் போகிறார். 2013 நவம்பரில் டேவிட் கமரூன் யாழ்ப்பாண நூலகத்துக்கு வந்தபோது அந்தத் தாய்மார் படங்களோடு வீதியில் நின்றார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டமாய்க் குந்தினார்கள். முதலில் கமராக்கள் நிறைய வந்தன. இப்போது வருசம் திரும்புகிற நாளில் வந்தால் உண்டு. அந்த ஒருநாளும் அரசியல்காரர் முன்வரிசையைப் பிடித்துவிடுவார்கள். மிஞ்சிய இடத்தில் அண்ணை. போன தடவை, லமினேற் பண்ணிய மகனின் படத்தை ஓர் அம்மா நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணையின் முழங்கை அதற்குக் குறுக்கே. இரவுச் செய்தியில் சில விநாடி காட்டினார்கள். பெடியனின் நெற்றி மட்டும் தெரிந்தது. அண்ணை முழுதாய்த் தெரிந்தார்.

அண்ணை, நல்லூரிலை நீங்கள் தேர்முட்டியிலை ஏறி நிண்டு குடை பிடிச்சாலும் நான் ஏனெண்டு கேக்கமாட்டன். அந்தப் பந்தலுக்குக் கமரா வந்தா மட்டும் எழும்பி வெளியாலை போங்கோ. கனடாவிலை உங்களைத் தேடுற ஆக்களுக்கு உங்கடை நம்பர் இருக்கு.