எல்லாம் நார்மலுங்க

கோயம்புத்தூரில் காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது நம்மிடம் "நார்மலுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேக்கரியில் டீ நார்மலா ஸ்ட்ராங்கா, பங்கில் பெட்ரோல் நார்மலா பவரா, ஓட்டலில் உட்கார்ந்தால் தண்ணீர் நார்மலா கூலிங்கா. மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், அர்த்தம் வேறு. டீயில் டிகாஷன் கம்மி, பெட்ரோலில் விலை கம்மி, தண்ணீரில் ஃபிரிட்ஜைப் பார்க்காதது. சிறுவாணித் தண்ணீர் வரும் ஊரில் நார்மலே ஜில்லென்றுதான் இருக்கும் என்று பீற்றிக்கொள்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இந்தச் சொல் பிறந்த வீட்டில் பார்த்த வேலையோ வேறு. லத்தீனில் நோர்மா என்றால் மூலைமட்டம். ஆசாரியும் கொத்தனாரும் மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். நார்மாலிஸ் என்றால் மூலைமட்டத்துக்குப் பொருந்தி நிற்பது, அதாவது தொண்ணூறு டிகிரி. இந்தக் கணக்குப்படி, பொழுது சாய்ந்த பிறகு டாஸ்மாக் வாசலில் நார்மலான ஆட்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். மட்டத்திலிருந்து விலகினால் அப்நார்மல். மட்டத்தை விட்டே வெளியேறிவிட்டால் எனார்மஸ். ஆமாம், பிரம்மாண்டம் என்று நாம் வாய் பிளக்கும் அந்த எனார்மஸும் இதே மூலைமட்டத்தின் பிள்ளைதான், அதுவும் வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களை ஒருமுறை பார்த்தால் இது உடனே விளங்கிவிடும்.

மூலைமட்டம் கோயம்புத்தூருக்குப் புதிதல்ல. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. ஆவாரம்பாளையம், கணபதி, சிங்காநல்லூர் என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத் பட்டறை இருக்கும். அங்கே கடைந்து முடித்த உருப்படியின் மேல் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்கள். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் ரிஜெக்ட். ரோமாபுரித் தச்சன் எழுந்து வந்தால் கோவைப் பட்டறையில் அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அதைப் பட்டறையில் யாரும் நார்மல் என்று சொல்வதில்லை. பத்தரை மணிக்கு வரும் டீக்குத்தான் அந்தச் சொல்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'வழக்கமான' என்ற பொருள் ஊன்றியதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆகையால் ஷேக்ஸ்பியருக்கு நார்மலான ஆள் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்காது. அவர் நாடகங்களைப் பார்த்தாலும் அப்படித்தான் படுகிறது. அந்தப் பொருள் ஊன்றும் முன்பே, 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆசிரியர்களைப் பழக்கும் பள்ளிக்கு நார்மல் பள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். வாத்தியார் என்பவர் மற்றவர்களுக்கு மட்டம் வைத்துப் பார்ப்பவர் என்று எண்ணம். 1856இல் சென்னையிலும் அரசு நார்மல் பள்ளி ஒன்று வந்தது. பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது அதுதான். என் கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் மட்டம் கிடையாது, பிரம்பு இருந்தது.

பிறகு டாக்டர்கள் கையில் மாட்டியது சொல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் காய்ச்சலை அளந்து, 1868இல் 37 டிகிரி செல்சியஸ்தான் உடம்பின் நார்மல் என்று எழுதிவைத்தார். ஃபாரன்ஹீட்டில் 98.6. 1992இல் அமெரிக்காவில் திரும்ப அளந்தபோது சராசரி 98.2தான் வந்தது. நூற்றிருபது வருஷமாக மனிதகுலத்துக்கே லேசான காய்ச்சல் போலிருக்கிறது.

எங்கள் மாமா ஒருவர் மூவாயிரம் ரூபாய் கட்டி மாஸ்டர் செக்கப் செய்துகொண்டார். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, ஈரல் என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட். "எல்லாம் நார்மலுங்க மாமா" என்றேன். முகம் சுண்டிவிட்டது. "எல்லாமே நார்மல்னா அப்பறம் எதுக்கு மாப்ளே மூவாயிரம் வாங்குனாங்க? ஒண்ணாவது கூடக்கொறைய இருந்தாத்தான கட்டுபடி ஆகும்?"

மூலைமட்டத்தில் பிறந்த நார்மலைப் போல நமக்கும் ஒரு சொல் இருக்கிறது. நார்மல் என்ற கோட்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் தமிழ்ப்பெயர் செங்கோடு. தொடுகோட்டுக்குச் செங்குத்தாக நிற்பது. செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள், நேர் என்றும் பொருள். ராஜா கையில் இருந்த செங்கோல் இரண்டாம் வகை, வளைந்தால் கொடுங்கோல். முதல் வகைக்கு நாமக்கல் பக்கம் ஒரு மலையே இருக்கிறது. செந்நிறப் பாறை, மேலே அர்த்தநாரீசுவரர், அடிவாரத்தில் திருச்செங்கோடு. கணக்கைத் தமிழில் படித்த பிள்ளைக்கு அந்த ஊர்ப்பெயர் 'திருநார்மல்' என்றுதான் காதில் விழும். சிவனும் பார்வதியும் ஆளுக்குப் பாதி உடம்பைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் ஊருக்கு இந்தப் பெயர் அமைந்ததை நான் மிகவும் ரசிக்கிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் பெயரைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. செய்வது ஒரே வேலை, பூமிக்குச் செங்கோடு போடுவது. குழி கொஞ்சம் கோணினாலும் மோட்டார் பாதியில் சிக்கிக்கொள்ளும். சூலூர்ப் பக்கம் அதே மாமாவின் தோட்டத்துக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. அறுநூறு அடி தாண்டியும் வெறும் புழுதிதான் பறந்தது. மாமா முகம் மறுபடி சுண்ட ஆரம்பித்தது.

"இன்னும் எத்தன அடி போகோணுங்க?"

"இந்தப் பக்கம் ஆயிரம் அடி நார்மலுங்க."

"அதுக்கு மேல போனா?"

"அதுக்கு மேல அடிக்கு ரேட்டு வேறங்க."