வட்டியில்லாக் கடன்

கேள்வி: ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யில் மாடுலர் கிச்சன் போடலாம் என்கிறார் என் கணவர். வட்டியே கிடையாதாமே, நிஜமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: வட்டி உண்டு, வேஷம்தான் வேறு. வட்டித் தொகையைக் கடைக்காரர் ‘தள்ளுபடி’ என்று முன்கூட்டியே கழிப்பார். வங்கி அதை மாதாமாதம் வாங்கிக்கொள்ளும். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். பெரும்பாலும் பிராசஸிங் ஃபீஸும் உண்டு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கடை போர்டுகளுக்குத்தான் சுற்றறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை!

‘ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். 1,20,000 ரூபாய் கிச்சனுக்கு 8,000 குறைத்தால் அதுதான் நீங்கள் கட்டப்போகும் வட்டி. பைசா குறையாது என்றால் தவணையிலேயே தாராளமாக வாங்குங்கள். தவணை மட்டும் தவறக் கூடாது.

இன்னொன்று. பழைய மேடையை இடிப்பவர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், குப்பை அள்ளும் வண்டிக்காரர் யாரும் இ.எம்.ஐ.க்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அன்றன்றைக்குக் கையில் காசு வேண்டும். அதையும் எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். புது கிச்சனில் யார் சமைப்பது என்பதையும் கணவரிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.