மடக்கு போன் மகாத்மியம்

ஆதியில் செல்போன் மடங்கவில்லை. மடக்கப் பார்த்திருந்தால் மணிக்கட்டுதான் மடங்கியிருக்கும். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றபடி மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் உலகின் முதல் கைபேசி அழைப்பைச் செய்தார். அவர் காதில் சாத்தியிருந்த வஸ்து ஒரு கிலோவுக்கு மேல். யாரைக் கூப்பிட்டார்? வீட்டுக்காரம்மாவையா, பெற்ற தாயையா? இல்லை. இதே காரியத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த போட்டிக் கம்பெனியான பெல் லேப்ஸின் ஜோயல் எங்கலை! ஆக, செல்போனின் முதல் உபயோகமே அடுத்தவன் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதுதான். ஸ்டேட்டஸ் வைப்பதெல்லாம் பிற்பாடு வந்த நாகரிகம்.

அது கடைக்கு வரப் பத்து வருஷம் பிடித்தது. டைனாடாக் 8000எக்ஸ் என்று பெயர், 3,995 டாலர் விலை. பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். சம்பந்தி வீட்டாரோடு பேச இதைவிடத் தோதான கருவி இன்றுவரை வரவில்லை.

1989-ல் மோட்டோரோலா மைக்ரோடாக்கைக் கொண்டுவந்தது. வாய்ப் பக்கம் ஒரு குட்டிக் கதவு. பேசும்போது திறக்க வேண்டும், முடிந்ததும் சாத்த வேண்டும். இதில் கூத்து என்னவென்றால், பிறகு வந்த மாடல்களில் மைக் அந்தக் கதவிலேயே இல்லை, போனின் அடிப்பாகத்தில் இருந்தது. அது தெரியாத கனவான்கள் கதவைப் பார்த்தே ரகசியம் பேசினார்கள்.

முழுசாக இரண்டாக மடிந்தது 1996-ல் வந்த ஸ்டார்டாக். எடை 88 கிராம், விலை ஆயிரம் டாலர். 1966-லிருந்தே 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் கிர்க் ஒரு மூடியைப் படக்கென்று திறந்து விண்கலத்தோடு பேசிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கழித்து அந்தப் படக் சாமானியன் கைக்கு வந்தது. சாமானியன் என்றால் ஆயிரம் டாலர் வைத்திருந்த சாமானியன். விண்கலம் இல்லாதது ஒன்றுதான் குறை. 2004-ல் 13.9 மில்லிமீட்டர் தடிமனில் ரேசர் வந்தது. முதலில் பணக்காரர் பையில் இருந்தது, விலை இறங்கியதும் ஊரார் பைக்கெல்லாம் போனது. அந்த வரிசை மட்டும் 13 கோடிக்கு மேல் விற்றது. அந்த மயக்கத்திலேயே மோட்டோரோலா படுத்துத் தூங்கிவிட்டது.

அமெரிக்காவுக்கு மடக்கு போன் ஒரு நகை. கீலைப் போட்டது மோட்டோரோலா என்றால், அதை வைத்துக் குடும்பம் நடத்தியது ஜப்பான்.

1999 பிப்ரவரி 22 அன்று டோகோமோ கம்பெனி ஐ-மோட் என்ற சேவையைத் தொடங்கியது. செல்போனிலேயே மெயில், செய்தி, வங்கி, டிக்கெட். இதை வடிவமைக்க அவர்கள் அழைத்து வந்தவர்களில் ஒருவர் வேலைவாய்ப்புப் பத்திரிகை ஆசிரியை. பெயர் மாரி. நம்மூர் மாரி அல்ல, மாரி மட்சுனாகா. இன்ஜினியர் கூட்டத்துக்கு நடுவே பத்திரிகைக்காரியை உட்காரவைத்த அந்த ஒரு புத்திசாலித்தனத்துக்காகவே டோகோமோவின் பிற பாவங்களை மன்னிக்கலாம். ஒன்றரை வருஷத்தில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள்.

ஜப்பானிய ரயிலில் போனில் பேசினால் மரியாதை போய்விடும். எல்லாரும் கட்டைவிரலால் தட்டத்தான் வேண்டும். தட்டப் பெரிய பட்டன் வேண்டும், படிக்கப் பெரிய திரை வேண்டும், இரண்டும் சட்டைப் பையில் அடங்கவும் வேண்டும். மடக்காமல் வேறு வழி? என்இசி கம்பெனி ஐ-மோட் பிறந்த வருஷமே மடக்கு மாடலை இறக்கிவிட்டது. மடக்கிய போனைத் திறக்கவும் சோம்பல் வந்தபோது, பானசோனிக் ஒரு பட்டனைப் பொருத்தியது. அமுக்கினால் போன் தானே திறந்துகொள்ளும்.

எமோஜி புகழ் பெற்றதும் அந்தத் திரைகளில்தான். ஷிகேடகா குரிட்டா 1999-ல் 176 படங்கள் வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் 12-க்கு 12 புள்ளிதான் இடம். கண்ணுக்கு இரண்டு புள்ளி தாராளமாகக் கொடுத்துவிட்டால் வாய்க்குப் பஞ்சம். இன்று நம் பெரியப்பாக்கள் இரங்கல் செய்திக்குக் கட்டைவிரல் உயர்த்திவிட்டுப் போகிறார்களே, அதன் பூர்வீகத்தில் இந்தப் புள்ளிகளுக்கும் பங்கு உண்டு. பில் மட்டும் புள்ளிக்கணக்கில் வரவில்லை. 128 பைட்டுக்கு 0.3 யென் என்று எறும்பு ஊர்வதுபோல ஏற, மாதக் கடைசியில் பிள்ளைகளின் பில்லைப் பார்த்து அப்பன்மார்கள் சாய்ந்தார்கள். எவ்வளவு தட்டினாலும் ஒரே மாதக் கட்டணம் என்று டோகோமோ இறங்கி வந்தது 2004-ல்.

பிறகு ஒன்றொன்றாகச் சேர்ந்தது பாருங்கள். 2002-ல் க்யூஆர் கோடு படிக்கும் போன். 2004-ல் கடையில் தட்டிக் காசு கொடுக்கும் போன். 2006-ல் அதையே ரயில் நிலையக் கதவில் தட்டி உள்ளே போனார்கள், டிவியும் பார்த்தார்கள். ஷார்ப் கம்பெனி போன் மடங்கியது போதாதென்று திரையைக் குறுக்குவாட்டில் திருப்பிவிட்டது, டிவி அகலமாகத் தெரிய வேண்டுமாம். 2007-ல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, முதலில் செல்போனில் எழுதப்பட்டவை. எழுத்தாளனுக்குத் தலை முக்கியமா, கட்டைவிரல் முக்கியமா என்று அங்குள்ள விமர்சகர்கள் தலையில் கைவைத்த காலம். அப்போது நாம்? வாசலுக்கு வந்துவிட்டேன் என்பதை ஒரு மிஸ்டு காலில், கிளம்பிவிட்டேன் என்பதை இரண்டு மிஸ்டு காலில் சொல்லி ரீசார்ஜ் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

2008 ஜூலையில் ஐபோன் ஜப்பானுக்குள் வந்தது. வந்த மாப்பிள்ளையின் யோக்கியதை: டிவி இல்லை, தட்டிக் காசு கொடுக்க முடியாது, வீடியோ எடுக்க வராது, எழுதியதை வெட்டி ஒட்டவும் தெரியாது. எமோஜிகூடக் கிடையாது! எமோஜி இல்லாமல் ஜப்பானில் காதலிப்பது எப்படி? அந்த நவம்பரிலேயே ஜப்பான்காரர்களுக்காக ஆப்பிள் எமோஜியைச் சேர்த்தது. உலகத்துக்கே பாடம் எடுக்க வந்தவர் அரிச்சுவடி கற்றுக்கொண்டது மடக்கு போனிடம்.

ஆனாலும் ஜெயித்தது ஐபோன்தான். கண்ணாடியை விரலால் தடவுகிற சுகத்தின் முன் மற்றதெல்லாம் தூசு. ஜப்பானியர்கள் தங்கள் போனைத் தாங்களே பரிகசித்து 'கலபகோஸ்' என்றார்கள். வெளி உலகத் தொடர்பில்லாமல் தனியே வளர்ந்த தீவுப் பிராணி என்று பொருள். 2015-ல் ஷார்ப் ஒரு வேலை செய்தது: வெளியே பழைய மடக்கு உடம்பு, பட்டன், கீல், உள்ளே ஆண்ட்ராய்டு உயிர். கூடுவிட்டுக் கூடு பாயும் அந்த வித்தை பட்டனைப் பிரிய மனமில்லாத ஜனங்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஐ-மோடுக்கு மட்டும் டோகோமோ 2026 மார்ச் 31-ஐக் கடைசி நாளாகக் குறித்தது.

நடுவில், தட்டைப் போன்கள் தீபாவளிக்குத் தீபாவளி நீண்டு, பேண்ட் பையை விட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கின. எல்லாம் தெரிந்த கம்பெனிகள் கூடி யோசித்து, 'மடக்கிப் பார்த்தால் என்ன?' என்றன. 2019-ல் சாம்சங் தன் முதல் மடக்குத் திரையை விமர்சகர்களிடம் கொடுத்தது. மேலே இருந்த படலத்தைப் பாதுகாப்பு உறை என்று நினைத்துச் சிலர் உரித்துவிட, திரை செத்தது. ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்குப் போனது. நம்மவர்களிடம் கொடுத்திருந்தால் இந்த விபத்தே நேர்ந்திராது. புது ஃபிரிட்ஜ் கதவின் பிளாஸ்டிக்கை ஃபிரிட்ஜின் ஆயுசு முடியும்வரை பிரிக்காத வம்சம் நாம். மறுவருஷம் மோட்டோரோலா தூக்கம் கலைந்து, ரேசருக்கு 1,499 டாலரில் மறுபிறவி கொடுத்தது. திரையில் மேடு பள்ளம் தெரிந்தால் அது சகஜம் என்று கம்பெனியே வீடியோ போட்டுச் சொன்னது. நம்மூர் சாலை காண்ட்ராக்டர்களுக்கு இந்த வசனம் இத்தனை நாள் தோன்றாதது அதிசயம்.

அதே 2020-ல் சாம்சங்கின் ஃபிளிப் இந்தியாவுக்கு வந்தது: 1,09,999 ரூபாய். மூடினால் வெளியே 1.1 அங்குலத்தில் ஒரு குட்டித் திரை, மணி பார்க்க. ஆனால் மக்களுக்கு மூடிய போனைத் திறக்க மனம் வரவில்லை. வெளியிலேயே எல்லாம் தெரிய வேண்டும் என்றார்கள். 2023-ல் வெளித்திரை 3.4 அங்குலமானது. மெசேஜ் படிக்கலாம், பதில் தட்டலாம், பாட்டு மாற்றலாம், போனைத் திறக்கவே வேண்டாம். கைக்கு அடக்கமான போன் கிடைத்துவிட்டது என்று வாங்கியவர்களுக்கு ஒரே பூரிப்பு. 2007-ல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம்.

என்னைக் கேட்டால், லட்சம் ரூபாய் போட்டு மடக்கி, மடக்கியதைத் திறக்காமல் வைத்திருப்பதற்குப் பதில் நோக்கியா 2660 ஃபிளிப்பைப் பாருங்கள். 2022-ல் வந்தபோது 4,699 ரூபாய். பெரிய பட்டன், உருப்படியான கீல், கோபம் வந்தால் படக்கென்று மூடலாம். வாட்ஸ்ஆப் வராது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. சொந்தக்கார குரூப்பில் இருக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். டீக்கடையில் க்யூஆர் அட்டையைக் காட்டினால் மட்டும் அது ஒன்றும் செய்யாது. பையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.