அசல் செத்தது, நகல் பிழைத்தது

1990களில் சென்னையில் ஒரு வீடியோ கேம் போர்டு படுத்துவிட்டால் அதற்கு இரண்டே வழிதான். அன்றைக்கே எழுந்து ஓட வேண்டும். இல்லையென்றால் அதன் ஐசிகளைக் கழற்றி இன்னொரு போர்டைப் பிழைக்க வைக்க வேண்டும். கேம் கடை வைத்திருந்த அண்ணன்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ரூபாய், ஒரு ரூபாயாக விழும் காசில்தான் வாடகையும் கரண்ட் பில்லும் கட்டியாக வேண்டும். “தம்பி, நீ என்ன பண்ணுவியோ தெரியாது, சாயங்காலம் பசங்க வர்றதுக்குள்ள படம் வந்துடணும்” என்பார்கள். அது அதட்டல் மாதிரி இருக்கும், உண்மையில் கெஞ்சல்.

பழுதுபார்த்த எங்கள் கையில் இருந்தவை ஒரு மல்டிமீட்டர், ஒரு லாஜிக் ப்ரோப், சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப். சர்க்யூட் வரைபடம் என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வந்த போர்டுகளில் பெரும்பாலானவை நகல்கள். நகல் எடுத்தவர்கள், தங்களை வேறு யாரும் நகல் எடுத்துவிடக் கூடாது என்று ஐசிகளின் மேலிருக்கும் எண்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள். பெயரில்லாத சிப் எந்த வேலை செய்கிறது என்பதை அதன் கால்களில் வரும் துடிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாடி பிடித்து நோய் சொல்வது போன்ற வேலை அது.

முதலில் பார்ப்பது 5 வோல்ட். பவர் சப்ளையின் முனையில் அல்ல, போர்டின் மேலேயே, ஏதாவது ஒரு ஐசியின் காலில் வைத்துப் பார்க்க வேண்டும். சப்ளையில் 5 இருக்கும். துருப்பிடித்த கனெக்டரையும் மெலிந்த வயரையும் தாண்டிப் போர்டுக்கு வரும்போது நாலரையாகத் தேய்ந்திருக்கும். அந்த அரை வோல்ட்டில் விளையாட்டு தானாக ரீசெட் ஆகும், படம் குலையும், கடைக்காரர் “போர்டு போச்சு” என்பார். 1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் சேர்ந்து ‘ஜாமா’ என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். 56 முனைகள், எந்தக் கம்பெனி போர்டையும் எந்தக் கேபினட்டிலும் செருகலாம். வாரத்துக்கு ஒரு விளையாட்டு மாற்ற முடிந்ததே அதனால்தான். மாற்றி மாற்றிச் செருகி அந்த முனைகள் அழுக்கேறிப் போயிருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்த்தாலே பாதிப் போர்டுகள் எழுந்துவிடும்.

அதற்கும் எழாதவைதான் உண்மையான வேலை. ப்ராசஸரின் ரீசெட் காலில் ப்ரோப்பை வைத்தால் சீரான இடைவெளியில் ஒரு துடிப்பு வரும். அது ‘வாட்ச்டாக்’. நிரல் ஒழுங்காக ஓடினால், குறித்த நேரத்துக்குள் அந்த வாட்ச்டாக் சர்க்யூட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டவில்லையென்றால் அது ப்ராசஸரை முதலிலிருந்து கிளப்பிவிடும். ஆகவே துடிப்பு வந்தால் ப்ராசஸர் நிரலைப் படிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். நிரல் இருக்கும் எப்ராமா, ரேமா, நடுவில் நிற்கும் 74எல்எஸ்245 போன்ற சிறு ஐசியா என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். சந்தேகமான ரேமின் முதுகில் அதே ரக நல்ல ரேமைக் கால் மேல் கால் படும்படி அமுக்கிப் பிடித்துப் பவர் போடுவோம். கீழே இருப்பது பேச்சை நிறுத்திய சிப்பாக இருந்தால் படம் தெளிந்துவிடும். தவறாகப் பேசிக்கொண்டே இருக்கும் சிப் என்றால் தெளியாது. கழற்றித்தான் ஆக வேண்டும். உருவங்கள் மேல் கோடு கோடாக விழுந்தால் படங்கள் இருக்கும் ரோம்களில் ஒன்று பேசவில்லை. ஒரே ஒரு நிறம் மட்டும் காணோம் என்றால் பெரிய விஷயம் இல்லை, வெளியே போகும் வழியில் எங்கோ அறுந்திருக்கும்.

மாற்று ஐசி வாங்க ரிச்சி தெரு. அங்கே கிடைக்காதது மட்டுமே கவலை தந்தது. அந்தக் கம்பெனியே தனக்கென்று செய்துகொண்ட தனிச் சிப் செத்துவிட்டால் போர்டு அதோடு சரி. மீதிச் சிப்புகளை எடுத்துக்கொள்வோம். எப்ராமைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து அழித்து, அப்போது ஓடிக்கொண்டிருந்த வேறு விளையாட்டை அதில் ஏற்றுவது தொழிலில் எல்லோருக்கும் வழக்கம்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்றால், முஸ்தபா. 1993இல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ விளையாட்டை அந்தப் பெயரில் கேட்டால் எந்தப் பையனுக்கும் தெரியாது. நான்கு நாயகர்களில் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா. விளையாட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் மேசைக்கு வந்த முஸ்தபாக்கள் எல்லாம் நகல் போர்டுகள். அசலில் ‘க்யூசவுண்ட்’ என்ற தனி ஒலி அமைப்பு உண்டு. நகல்களில் மலிவான ஒலிச் சிப் ஒன்றை வைத்திருப்பார்கள். இசை தகரச் சத்தமாக வரும். அசலின் இசையை நான் முழுசாகக் கேட்டது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். இந்த நகல்களை நாங்கள் மதித்ததே இல்லை.

ஆனால் நடந்தது வேறு. நகல்காரர்களைத் தடுக்க அசலின் ஒலி நிரலைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திறக்கும் சாவி எண்கள் ‘கபுகி’ என்ற சிப்புக்குள், பேட்டரியின் தயவில் இருந்தன. பேட்டரி தீர்ந்தால் எண்கள் மறையும். நிரல் ரோமில் அப்படியே இருந்தும் அதைப் படிக்க ஆள் இல்லை. அதே 1993இல் வந்த, கேப்காமின் அடுத்த தலைமுறையான ‘சிபிஎஸ் 2’ போர்டுகளில் முக்கிய நிரலே அப்படிப் பூட்டப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல்கள் உலகம் முழுக்க ஒவ்வொன்றாகச் செத்தன. நாங்கள் மதிக்காத நகலில் பூட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. பரணில் கிடந்த நகல் முஸ்தபாவுக்கு இன்று 5 வோல்ட் கொடுத்தாலும் எழுந்து ஓடும் வாய்ப்பு அதிகம். திருட்டைத் தடுக்க வைத்த காவல், சொந்தப் பிள்ளையை மட்டும் கொன்றது. எனக்கு இதில் கோபம் இல்லை, மனவருத்தம்தான் உண்டு. அந்தப் போர்டுகளை வடிவமைத்தவர்கள் எங்களை விடப் பல மடங்கு திறமைசாலிகள். தங்கள் உழைப்பைக் காக்க அவர்களுக்கு உரிமையும் இருந்தது. இருபது, முப்பது வருஷம் கழித்து இதை யாராவது தேடுவார்கள் என்று அவர்களும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் வெளியாட்கள். 2016இல் எட்வார்டோ குரூஸ், ஆர்டெமியோ உர்பினா, இயன் கோர்ட் மூவரும், செத்த சிபிஎஸ் 2 போர்டுக்குள் சாவி எண்களைத் திரும்ப ஏற்றும் வழியை எல்லோருக்கும் அறிவித்தார்கள். போர்டில் எதையும் வெட்ட வேண்டாம், மாற்ற வேண்டாம். கபுகிக்கும் வழி பிறந்தது. செத்துப் பல வருஷமான ஒரு சிபிஎஸ் 2 போர்டு திரையில் தலைப்பைக் காட்டுவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1997இல் நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் ‘மேம்’ என்ற மென்பொருளைத் தொடங்கினார். ஆர்கேட் மெஷினைக் கணினிக்குள்ளேயே ஓடவைக்கும் மென்பொருள். கேம் கடைகள் மூடப்பட்ட காலத்தில் அது எங்கள் பிழைப்பின் எதிரி என்று பேசிக்கொண்டோம். இன்றைக்கு எந்தப் போர்டு வந்தாலும் நான் முதலில் திறப்பது மேமின் மூல நிரலைத்தான். எந்த முகவரியில் திரை ரேம் இருக்கிறது, எதில் நிறங்கள், வாட்ச்டாக்கை எங்கே தட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அன்று எங்களுக்குக் கிடைக்காத வரைபடம் அதுதான். எப்ராமைப் படித்து அதிலுள்ள பதிவோடு ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

வேலையின் வேகமும் மாறிவிட்டது. இப்போது போர்டு கொண்டுவருபவர்கள் அன்று ஒரு ரூபாயோடு வரிசையில் நின்ற பையன்கள்தான். “அவசரமே இல்லண்ணா, ஆனா எதையும் மாத்திடாதீங்க” என்கிறார்கள். அழிப்பது நின்று, முதல் வேலையே எப்ராம்களைப் படித்துச் சேமிப்பது என்றாகிவிட்டது. நகலானாலும் அப்படித்தான். ஒரு நகல் இன்னொன்றைப் போல இருப்பதில்லை, அவற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

யார் வீட்டுக் குடோனிலாவது பழைய போர்டு கிடந்தால் தங்க முலாமுக்காகக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் ஏறும் நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் கசிந்து டிராக்குகளைத் தின்றுவிடும்; உடனே வெட்டி எடுக்கலாம். லித்தியம் பேட்டரி என்றால் தொடாமல், விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சாவி எண்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.