குழிக்குள் நடந்தது என்ன?

தாம்பரம் தாண்டி முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் மனை வாங்குகிறவர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகப் பார்க்கச் சொல்வார். வேலி போட ஆள் வந்தால் மட்டும் ஒரே கேள்விதான்: "கல்லுக்கால் ஒண்ணு எவ்வளவு?" குழியின் ஆழத்தைப் பற்றி மூச்சுவிடமாட்டார்.

ஏழடிக் கால் என்றால் இரண்டடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். ஓரடியிலேயே கடப்பாரை 'ணங்' என்கிறது. "பாறை சார். அப்படியே நிக்கும்" என்கிறார் மேஸ்திரி.

பல்லாவரம் வட்டாரத்துப் பாறை லேசுப்பட்டதல்ல. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனதாகச் சொல்வார்கள். அந்தக் கல்லை வைத்துத்தான் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் முந்நூறு வருஷமாகக் கல்லறை காக்கிற கல்லுக்கு, சொந்த ஊரில் ஒரு வேலிக்காலைப் பிடிக்கத் தெரியாதா என்று மேஸ்திரி நம்புகிறார் போலும். உண்மையில் கடப்பாரையில் பட்டது பாறையே அல்ல, முன்பு யாரோ கொட்டிய கட்டட இடிபாடு.

பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணில் கதை வேறு. அது மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். நடுவில் மாட்டிய காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி, அடையாறு முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்துபோனதே, அப்படி ஊறிய மண்ணுக்கு எதையும் பிடித்துவைக்கத் தெம்பு ஏது?

முறையாகச் செய்தால் பெரிய வித்தையில்லை. அகலமான குழி, அடியில் கொஞ்சம் ஜல்லி, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு, அசையாமல் முட்டு. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று கலவை. கம்பியால் நன்றாகக் குத்தி, தண்ணீர் தேங்காதபடி மேலே சரிவு. நடப்பதோ இது: பாதிக் குழிக்கு உடைந்த செங்கல், மீதிக்குத் தோண்டிய மண், மேலே தொப்பி வைத்த மாதிரி இரண்டு சட்டி கலவை. வெளியே தெரிவது தொப்பி மட்டும்தான் என்பதால் முதலாளிக்குப் பரம திருப்தி.

அன்று சாயங்காலமே முள்கம்பியை இழுத்துக் கட்டியாகிவிடும். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஈரச்சாக்கு சுற்றி ஏழு நாளாவது தண்ணீர் காட்டவேண்டும். முதல் பலி மூலைக்கால். இரண்டு திசைக் கம்பியும் அதைத்தான் இழுக்கின்றன; சாய்வாக ஒரு முட்டுக்கால் கொடுக்கலாம்தான், ஆனால் அதற்கு இன்னொரு கல்லின் விலை ஆகுமே!

பிறகு நடுக்கால் ஒன்று சாய்ந்து பக்கத்து மனைக்குள் தலை நீட்டியதும் சர்வேயரை அழைக்கிறார்கள். அவர் வரைபடத்தை விரித்து, டேப்பைப் பிடித்து, எல்லை சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்.

"கீழே சரிங்க, மேலே அளங்க" என்கிறார் பக்கத்து மனைக்காரர்.