நியூட்ரலில் இருநூறு குதிரை

சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்றவர்களுக்கு வண்டி நிற்கும். நம்மவருக்கு அப்போதுதான் ஓடத் தொடங்கும். கியர் நியூட்ரலில், இரண்டு கால்களும் தரையில், வலது மணிக்கட்டு மட்டும் வேலையில். முதலில் சின்னதாக ஒரு முறுக்கு; வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். பிறகு அடுத்தடுத்து இரண்டு. அப்புறம் நீளமாக ஒன்று. உச்சத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் பின்னால் பட் பட்டென்று வெடிக்கும். பக்கத்து ஷேர் ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறும். டெலிவரிப் பையன் ஒருவன் ‘செம்மண்ணா, இன்னொரு தடவ முறுக்குங்கண்ணா’ என்பான். கையோடு ‘மைலேஜ் எவ்ளோண்ணா குடுக்கும்?’ என்றும் கேட்பான். முதல் வேண்டுகோள் உடனே நிறைவேறும். இரண்டாவது ஹெல்மெட்டுக்குள் போய்ச் சேராது. பச்சை விழுந்ததும் பையனின் ஸ்ப்ளெண்டர் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே புகுந்து மறைந்துவிடும். நம்மவர் கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, கால்களைத் தொங்கப் போட்டபடி, அடுத்த சிக்னலை நோக்கி ஊர்ந்து போவார். அங்கேயும் சிவப்பு விழ வேண்டும் என்பதே அவர் பிரார்த்தனை.

ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவர்களுக்கு வேகவெறி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வைத்துச் சிரிக்க முடியாது. இவர் வேறு ரகம். இவர் வேகத்துக்காக வண்டி வாங்கவே இல்லை, சத்தத்துக்காக வாங்கினார் என்பது என் கட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு இவர் வைத்திருந்தது யமஹா ஆர்15: 155 சிசி, 18 குதிரைத்திறன், எடை 140 கிலோ சொச்சம். இப்போது கவாஸாகி நிஞ்சா இஸட்எக்ஸ்-10ஆர்: 998 சிசி, 200 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், எடை 207 கிலோ. எடை ஒன்றரை மடங்குக்குள் நிற்கிறது, சக்தி பதினோரு மடங்கு ஏறியிருக்கிறது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட மூன்று விநாடி சொச்சம் போதும். முதல் கியரிலேயே 130-ஐத் தாண்டும். அதற்கு மேல் இன்னும் ஐந்து கியர் காத்திருக்கிறது. சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2023-இல் இருசக்கர வாகனங்களுக்கு வைத்த உச்ச வேகம் 50 கி.மீ.; குடியிருப்புத் தெருக்களில் 30. ஆக, சட்டத்தை மதித்தால் முதல் கியரின் பாதியைக்கூட இவர் பார்க்க முடியாது. இன்ஜினின் சிவப்பு எல்லை 14,000 சுழற்சியை ஒட்டி இருக்கிறது. ஐம்பதில் போகும்போது அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே பெரிய விஷயம். பத்தாயிரத்துக்கு மேல் என்னதான் இருக்கிறது என்று ஊருக்குள் தெரிந்துகொள்ள ஒரே வழி, நிறுத்திவிட்டு, நியூட்ரலுக்குத் தள்ளி, முறுக்குவது. பாவம், அதைத்தான் செய்கிறார்.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. இவர் வாங்கியபோது எல்லாம் சேர்த்து இருபது லட்சம் ரூபாயை ஒட்டி ஆன வண்டி. குதிரை ஒன்றுக்குப் பத்தாயிரம். ஸ்ப்ளெண்டரிடம் இருப்பதே எட்டுக் குதிரை. சமதரையில் ஐம்பதில் போக அந்த எட்டும்கூட முழுதாகத் தேவைப்படாது. மீதி நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் குதிரைகளும் லாயத்தில் நின்று கொள்ளு தின்கின்றன, சிக்னலில் மட்டும் கனைக்கின்றன. கனைக்கும்போது உடம்புச் சூடு வேறு. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கி, கொதிக்கும் காற்றை இவர் தொடைமேலேயே வீசும். மே மாத மத்தியானத்தில் அண்ணா சாலையில் தோல் ஜாக்கெட்டோடு இதைத் தாங்கிக்கொள்பவரை லேசான ஆள் என்று சொல்லிவிட முடியாது.

அந்தக் கனைப்பை இவர் வளர்க்கும் விதம் தனிக் கலை. கம்பெனி கொடுத்த சைலன்சர் பழைய பெட்ஷீட்டில் சுற்றப்பட்டுப் பரண்மேல் கிடக்கிறது. வண்டியை விற்கும் நாளில் இறங்கும். அதன் இடத்தில் வெளிநாட்டுக் குழாய் ஒன்று வந்திருக்கிறது. குழாய்க்குள் சத்தத்தை அடக்க ஒரு சின்ன உருளை உண்டு. அதையும் கழற்றிவிட்டார், ‘மூச்சு விடட்டும் ப்ரோ’ என்று. தி.நகர் போனால் துரைசாமி சப்வே வழியாகத்தான் போவார். உள்ளே போனதும் இரண்டு முறுக்கு, எதிரொலிக்காக. வீட்டுக்கு வருபவர்களுக்கு அம்மா காபி கொடுத்து முடிப்பதற்குள், நாலு சிலிண்டர் வரிசையாக இருந்தால் ஒலி எப்படி, யமஹா ஆர்1 2009-இல் கிராங்க் ஷாஃப்டின் அமைப்பை மாற்றிய பிறகு அதன் குரல் எப்படி மாறிற்று என்று விளக்கி முடித்திருப்பார். உதட்டால் ஒலித்தும் காட்டுவார். நண்பர்களுக்குக் காலையில் போகும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் மனிதக் குரல் இருக்காது. பதினைந்து விநாடி இன்ஜின் மட்டும். கேட்டவர்கள் பதிலுக்குத் தங்கள் இன்ஜினை அனுப்புவார்கள். இந்தப் பரிமாற்றத்தில் யாரும் எங்கும் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பால் வாங்க, ஆபீஸ் போக, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வீட்டில் பழைய ஸ்கூட்டி இருக்கிறது. நிஞ்சாவின் பின்சீட்டு அம்மாவுக்கு எட்டவும் எட்டாது, பற்றவும் பற்றாது.

படிப்படியாக ஏறாமல் நேரே ஆயிரம் சிசிக்குத் தாவியதற்கும் காரணம் காதுதான். நடுவில் படிகள் இல்லாமல் இல்லை. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 இருக்கிறது, 38 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர் நிஞ்சா 300 இருக்கிறது, 39. சென்னைக்குப் பக்கத்திலேயே தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650 இருக்கிறது, 47. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த 47-தான் நடுப்படியின் எல்லை. 35 கிலோவாட் வரைக்கும் ஒரு உரிமம், அதில் இரண்டு வருஷம் பழகி மறுபடி தேர்வோ பயிற்சியோ முடித்தால்தான் வரம்பில்லாத உரிமம். நேரடியாக வேண்டுமானால் 24 வயதாக வேண்டும். நம் ஊரில் கியர் வண்டிக்கு ஒரே உரிமம். மாமாவிடம் இரவல் வாங்கிய 100 சிசி வண்டியில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் போட்ட எட்டு, 200 குதிரைத்திறனுக்கும் செல்லும். எனவே இவரைத் தடுக்க ஆளில்லை. நடுப்படி வண்டிகள் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தார், உட்கார்ந்தார், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். ‘எல்லாம் ஓகே ப்ரோ, சவுண்ட்ல ஒரு கெத்து இல்ல.’ ஓட்டிப் பார்க்கக் கேட்டதாகத் தகவல் இல்லை.

அந்தக் காலத்துப் புல்லட் சத்தம் போடவில்லையா, ஆர்எக்ஸ்100 தெருவையே எழுப்பவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ்100-க்கு 98 சிசி, 11 குதிரைத்திறன். அந்தப் பதினொன்றையும் ஓட்டுகிறவர் தினமும் செலவழித்தார். புல்லட்காரர் அதில் மூட்டை ஏற்றினார், குடும்பத்தை ஏற்றினார், ஊருக்குப் போனார். வண்டி ஓடியது, ஓடும்போது சத்தமும் வந்தது. தெரு முனையில் கேட்டால் ‘அப்பா வந்துட்டாரு’ என்று வீட்டில் உலை வைத்தார்கள். இவர் சத்தத்தைக் கேட்டு யாரும் உலை வைக்க முடியாது. வருகிறாரா, போகிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கிறாரா என்று தெரியாது. இன்னொரு வாதம், உரத்த சைலன்சர் உயிரைக் காப்பாற்றும் என்பது. குழாயின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. இவருக்கு ஆபத்து வருவதோ முன்பக்கமிருந்து: இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் ஷேர் ஆட்டோ, ஒருவழிப் பாதையில் எதிரே வரும் தண்ணி லாரி. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருக்கும் கார்க்காரருக்கு இந்த உயிர்காக்கும் ஒலி எட்டுவதற்குள் முதல் மாடிப் பாட்டிக்கு எட்டிவிடுகிறது. முன்னால் போகிறவரை எச்சரிக்க வண்டியில் ஹாரன் என்று ஒன்று இருக்கிறது. நம்மவர் அதை அடிப்பதில்லை. அதன் ஓசை மட்டமாக இருக்கிறதாம்.

வேகம்தான் ஆசை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது என்பது என் அடுத்த சாட்சி. ஒரு காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டார்கள். 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் இருக்கிறது, சுற்றுக்கு 3.7 கி.மீ. எதிரே லாரி வராது, மாடு வராது, போலீஸ் வராது. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். நம்மவர் அங்கே போவதில்லை. காரணம் எளிது. அங்கே எல்லா வண்டியும் சத்தம் போடும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, ஆர்15-இல் வரும் பத்தொன்பது வயதுப் பையன் வளைவில் உள்பக்கமாக வந்து முந்திவிட்டுப் போவான். நம்பாதவர்கள் இவர் பின் டயரைக் குனிந்து பார்க்கலாம். 190 மி.மீ. அகலம். நடுவில் ஒரு பட்டை மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகி இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் டயர் அச்சிலிருந்து வெளிவந்தபோது இருந்த ரப்பர் மயிர்கள் இன்னும் உதிரவில்லை. சாயாத வண்டி ஓரம் தேயாது. எந்தப் பஞ்சர் கடைக்காரரும் ஒரு பார்வையில் படித்துவிடும் சரித்திரம் இது.

இந்த இடத்தில் இவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்துவிடுகிறது. ஏனென்றால் ஆர்15 காலத்தில் இவர் உண்மையிலேயே நன்றாக ஓட்டினார். சக்தி குறைந்த வண்டியில் இழந்த வேகத்தை மீட்பது கஷ்டம்; ஆகவே வளைவுக்கு முன்பே கோடு பார்த்து, பிரேக்கை அளந்து பிடித்து, சாய்த்து எடுத்துப் போகக் கற்றிருந்தார். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இவருக்கு விளையாட்டாக இருந்தன. சின்ன வண்டி மன்னிக்கும். ஆக்சிலேட்டரை ஒரு நூல் அதிகம் திருகினால் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான். பெரிய வண்டியில் அதே ஒரு நூல் அதே வளைவில் பின் சக்கரத்தை வழுக்கிவிடப் போதும். டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஏபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. அவை தவறின் விலையைக் குறைக்கும், கொல்லிமலையின் தடுப்புச் சுவரைத் தள்ளி வைக்கா. இவருக்கு இது தெரியும். தெரிந்ததால் இப்போது அதே எழுபது வளைவுகளையும் நிறைகுடம் சுமப்பவராக, தோள் விறைத்து, இருபதில் கடக்கிறார். பின்னால் வரும் அரசு பஸ் ஹாரன் அடித்துக் கேட்டு முந்துகிறது. இருபது லட்சம் கொடுத்து இவர் தன் கெட்டிக்காரத்தனத்தை விற்றுவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். பயப்படுகிறார் என்று சிரிக்க மட்டும் நான் தயாரில்லை. அந்தப் பயம்தான் இவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய திறமை. அது உள்ளவரை வீட்டுக்கு வந்து சேருவார். ‘பவர் எல்லாம் நம்ம கைலதான் ப்ரோ இருக்கு’ என்று இவர் சொல்வதும் ஒரு வகையில் உண்மைதான். கைக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் வண்டி நகரும்போது கை நகர்வதில்லை.

‘அவர் காசு, அவர் வண்டி, உனக்கென்ன?’ என்பதுதான் கடைசி ஆட்சேபம். காசு அவருடையது, காது எங்களுடையது. 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் எழுப்பலாம் என்று விதி வகுத்திருக்கும் ஒலி 80 டெசிபெல். கம்பெனி சைலன்சர் அதற்குள் அடங்கியே வந்தது. அதைத்தான் பரணில் போட்டார். அளவை மீறிச் சத்தமிடும் வண்டிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். சட்டம் இவ்வளவு இருந்தும் சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரே ‘என்ன சார் சிசி?’ என்று ஆசையாகக் கேட்கிறார். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை 40 சதவீதமாக்கிய அரசாங்கம் கொள்ளளவைத் துல்லியமாக அளக்கிறது. சத்தத்தை அளக்க ஒரு கருவியோடு யாரும் தெருவுக்கு வந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கொடுமை. ஈசிஆரில் மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டு வரும் திருநாள் அது. ஐந்து மணிக்குத் தெருவில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் நிற்கிறார், ‘வார்ம் அப்’ ஆகணுமாம். இது எரிபொருளை ஊசி போட்டு அளந்து கொடுக்கும் இன்ஜின். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் கொதிக்க வேண்டியதில்லை, கிளம்பி முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் தானே சூடேறும். ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு என்றுதான் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபெல். எதிர்வீட்டில் இரவுப் பணி முடித்து அப்போதுதான் படுத்த நர்ஸ் இருக்கிறார், மேல்மாடியில் நெஞ்சு ஆபரேஷன் ஆனவர் இருக்கிறார். வண்டியை மெயின் ரோடு வரை உருட்டிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தால் என்ன? 207 கிலோ, தனியாளாகத் தள்ள முடியாது என்றால், சொல்லி அனுப்பட்டும். தெருவில் நாலு பேர் வந்து தள்ளிவிடுகிறோம். எப்படியும் அந்த நேரத்தில் எல்லோரும் விழித்துத்தான் இருக்கிறோம்.