எண் போட்ட நாற்காலி

மூணாறுக்கு மேலே, மேகம் சன்னல் வழியாக வந்து போகும் ஒரு சொகுசு விடுதியில் போன மாதம் ஒரு நாற்காலியைச் சேவித்துவிட்டு வந்தேன். சேவித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார விடவில்லை. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கவட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி கால்கள். பக்கத்தில் ஒரு சிறு பலகை: 'பியேர் ஜான்னரே நினைவாக'. அசல்கூட இல்லை, அசலைப் பார்த்துச் செய்தது. விலை கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை சொன்ன தொகைக்கு எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டுக்குக் கூரையையே மாற்றிவிடலாம். கூரை எல்லோரிடமும் இருக்கிறது. நினைவு எத்தனை பேரிடம் இருக்கிறது?

1951இல் சண்டிகர் நகரை அமைக்கக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வந்தார். கூடவே வந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஜான்னரே. அண்ணன் வந்து வந்து போனார். தம்பி 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். புது நகரத்தின் செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் வேண்டியிருந்தன. உள்ளூர்த் தச்சர்கள் இழைத்தார்கள், குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் கதை என்று நாம் நினைத்திருப்போம். நமக்கு ரசனை போதாது.

ரசனை நம் அதிகாரிகளுக்கு இருந்தது. பிரம்பு அறுந்த நாற்காலிகளை அவர்கள் ஒட்டுப்போட்டுக் கெடுக்கவில்லை. மொட்டை மாடியில் குவித்து, வெயிலும் மழையும் காட்டிப் பதப்படுத்தி, பழைய சாமான் ஏலத்தில் விறகு விலைக்குக் கொடுத்தார்கள். வாங்கிப்போன பிரெஞ்சு வியாபாரிகள் துடைத்து மெருகேற்றி வைக்க, பாரிசிலும் நியூயார்க்கிலும் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் ஏலம் போயிற்று. நாற்காலிக்கு இந்த யோகம் வர வேண்டுமென்றே நட்டத்தைத் தாங்கிக்கொண்ட நிர்வாகம் வேறு எங்கே உண்டு? 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் குறுக்கே வந்து, இனி விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. சட்டம் அப்படி அவசரப்படுவதில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது நிறையாத நாற்காலி தொல்பொருள் ஆகாது. சண்டிகர் நாற்காலிகளுக்கு 2050க்கு மேல்தான் அந்தத் தகுதி வரும். அதுவரை மிச்சம் ஏதாவது இருந்தால் கட்டாயம் காப்பாற்றுவார்கள்.

அசல் நாற்காலியை எப்படி அடையாளம் காண்கிறார்கள் தெரியுமா? மேலே பெயிண்டில் எழுதிய இருப்பு எண்ணைப் பார்த்து. எந்த அலுவலகம், எத்தனையாவது உருப்படி என்று தணிக்கைக்குப் பயந்து ஒரு குமாஸ்தா கிறுக்கியது, இன்று ஓவியனின் கையொப்பத்துக்குச் சமம். பாவம், அவர் பென்ஷன் வாங்கிப் போனது தெரியும். கலைஞராகப் போனது அவருக்கே தெரியாது.

யூலி சௌத்ரி என்ற இந்தியக் கட்டடக் கலைஞரும் சண்டிகரை அமைத்த குழுவில் இருந்தவர். நாற்காலி வேலையில் அவருக்கும் பங்குண்டு. விடுதியின் பலகையில் அவர் பெயர் இல்லை. குறை சொல்ல மாட்டேன், பலகை சிறியது. தச்சர்களின் பெயர்களை எழுதப் புகுந்தால் சுவரே போதாது.

மரத்தையும் கொஞ்சம் பாராட்டிவிடுகிறேன். டாப்ஸ்லிப் சரிவில் தேக்கைச் சறுக்கிவிட்டுச் சறுக்கிவிட்டே அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறங்குவதற்கென்றே கொச்சி அரசு காட்டுக்குள் டிராம் பாதை போட்டது. இத்தனை வசதி செய்து கொடுத்தும் பிடிவாதமாக ஊருக்குள் வராதது கன்னிமாரா தேக்கு ஒன்றுதான். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டதாகச் சொல்லி மக்கள் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சில நூற்றாண்டுகளாக நின்றபடியே இருக்கிறது, உட்கார ஒருவருக்கும் பயன்படாமல்.

விடுதித் திண்ணையில் ஒரு சாருகசேரையும் இருந்தது. துரைமார் காலைத் தூக்கி நீட்டிக்கொள்ள நீளக் கை வைத்தது. கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறையில் குடும்பமே கிடக்கிறதே, அங்கே இது நுழையாது என்பதால்தான் மேலேயே வைத்திருக்கிறார்கள். அடக்கமான ஏற்பாடு.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியை இறக்கி ஆசாரி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"பிரம்பு கிடைக்கிறதில்ல மாஷே, பிளாஸ்டிக் வயர் பின்னிடலாம்" என்றார்.

"பின்ன வேண்டாம். பின்னால வெள்ளைப் பெயிண்டுல ஒரு நம்பர் மட்டும் போடுங்க."

நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்துக் காலின் பொருத்தைத் தடவினார். "இது எங்கப்பா பண்ணினது. கீழ ஓரமா அவர் பேரையும் போட்டுடட்டுமா?"

"ஐயோ வேண்டாம், விலை இறங்கிடும்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, பெயிண்ட் டப்பா தேட உள்ளே போனார்.